ஓடுவோர் ஆகாரமும் உழைப்போர் உரிமையும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயில் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரங்களிலும், இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால் முதலிய சிப்காட் தொழிற்பேட்டைகளின் உட்சாலைகளிலும், ஷிப்டு முடிந்த பின்னரோ, கம்பெனி பஸ் வந்து நிற்பதற்கு முன்னரோ ஓடிப் பயிலும் இளைஞர்களைக் காணலாம். காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓடிக் கடக்க வேண்டும் என்ற விதி சிலரை ஓட வைக்கிறது; நாள் முழுவதும் ஒரே இடத்தில் நின்றும் அமர்ந்தும் வேலை செய்ததால் ஏறிய எடையைக் குறைக்க வேண்டும் என்ற கவலை வேறு சிலரை ஓட வைக்கிறது. இவ்விரு சாராரிலும் பலர், ஓடத் தொடங்கிய அதே வாரத்தில் சோற்றையும் இட்லியையும் அறவே விலக்கிவிடுவதே எடை குறைக்கும் நேர்வழி என்று நம்பிவிடுகிறார்கள்.

சோற்றின் அளவைக் குறைக்கலாம். நம்மில் பெரும்பாலோர் குறைக்கவும் வேண்டும். ஆனால் ஓடுகிற சரீரத்திலிருந்து மாவுச்சத்தை முற்றிலும் நீக்குவது ஆரோக்கியத்துக்குக் கேடு. அதைவிட முக்கியமான மற்றொரு விஷயமும் உண்டு. கேன்டீனிலும் ஹாஸ்டல் மெஸ்ஸிலும் உண்பவருக்குத் தம் தட்டில் எது விழுகிறது என்பது அவருடைய மன உறுதியை மட்டும் பொறுத்ததன்று. அதில் சட்டத்துக்கும் நிர்வாகத்துக்கும் பொறுப்பு இருக்கிறது.

மாவுச்சத்து சரீரத்தில் என்ன செய்கிறது?

நாம் உண்ணும் சோறு, கிளைகோஜன் என்னும் வடிவில் தசைகளில் சுமார் 400 கிராமும், கல்லீரலில் சுமார் 100 கிராமும் சேமிக்கப்படுகிறது. மெதுவாக நடக்கும்போது சரீரம் கொழுப்பையே பெரிதும் செலவிடுகிறது. வேகம் கூடக் கூட, இந்தச் சேமிப்பையே அதிகமாக நாடுகிறது. 1960-களில் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகளான பெர்க்ஸ்ட்ரோமும் ஹல்ட்மனும் தசையிலிருந்து சிறு துணுக்குகளை எடுத்து ஆராய்ந்து, இந்தச் சேமிப்பு வற்றியவர்கள் கடும் உழைப்பைத் தொடர முடியாமல் சோர்ந்துவிடுகிறார்கள் என்பதை ருசுப்படுத்தினார்கள்.

ஒவ்வொரு கிராம் கிளைகோஜனுடனும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் சேர்ந்து தங்குகிறது. சோற்றை நிறுத்திய முதல் வாரத்தில் எடை கருவி ஒன்றிரண்டு கிலோ குறைத்துக் காட்டுவதற்கு இதுவே பெரும் காரணம். குறைந்தது பெரும்பாலும் நீர், கொழுப்பு சிறிதளவே. இந்த உண்மையை அறியாதவர்கள் முதல் வாரத்தின் மகிழ்ச்சியில் இன்னும் கடுமையாகப் பட்டினி கிடக்கிறார்கள்; மறுபடி ஒரு நாள் வயிறாரச் சோறு உண்டதும் எடை திரும்பி வருவதைக் கண்டு மனமுடைந்து, பயிற்சியையே விட்டுவிடுகிறார்கள்.

எவ்வளவு, எப்போது?

தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறியது. ஆகவே, தட்டு நிறையச் சோறும் ஓரத்தில் சிறிது கறியுமாக உண்ணும் வழக்கத்தை யாரும் ஆதரிக்க முடியாது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு நெறிமுறை, 2000 கலோரி ஆகாரத்துக்கு 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு வகை, 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம், 300 மில்லி பால் என்று அளவு வகுத்திருக்கிறது. இந்தத் தட்டிலும் மாவுச்சத்து 250 கிராமுக்குக் குறையாமல் இருக்கிறது. லேசான பயிற்சி செய்வோருக்கு ஒவ்வொரு கிலோ எடைக்கும் நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் மாவுச்சத்து வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட அளவு. 65 கிலோ எடையுள்ளவருக்கு அது 195 முதல் 325 கிராம் வரை ஆகும். குறைத்து உண்பதும் ஓடுவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பது இந்தக் கணக்கிலேயே விளங்கும்.

மிதமான உழைப்புள்ள 65 கிலோ ஆணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 2700 கலோரியும், 55 கிலோ பெண்ணுக்குச் சுமார் 2100 கலோரியும் தேவை என்று மேற்சொன்ன நிறுவனமே கணித்திருக்கிறது. தேவையில் 300 முதல் 500 கலோரி வரை குறைத்தால் வாரம் அரைக் கிலோவுக்கு உட்பட்டு எடை இறங்கும். அதுவே நிலைத்து நிற்கும். ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் 70 கிலோ எடையுள்ளவர் செலவிடுவது சுமார் 350 கலோரி. அது 100 கிராம் அரிசிக்குச் சமம். ஓடிவிட்டோம் என்ற தைரியத்தில் இரண்டு தட்டு பிரியாணி உண்பதும் பிழை. ஓடுகிறோம் என்பதற்காகச் சோற்றையே துறப்பதும் பிழை.

குறைக்க வேண்டியதை ஓட்டத்துக்குத் தூரமான வேளையிலே குறைக்க வேண்டும். ஓடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம். ஓடி முடித்த ஒன்றிரண்டு மணிக்குள் சாம்பாரோடு இட்லியும் ஒரு முட்டையும், அல்லது சுண்டலும். வேகப் பயிற்சி உள்ள நாளில் சற்றுக் கூடுதலாகவும், ஓய்வு நாளில் குறைவாகவும் சோறு என்று அமைத்துக்கொண்டால் போதும். சர்க்கரை போட்ட டீ, குளிர்பானம், பஜ்ஜி, பிஸ்கட் ஆகியவற்றையே முதலில் நிறுத்த வேண்டும். இரவு ஷிப்டில் இருப்பவர்கள் வேலைக்குப் போகுமுன் முக்கிய ஆகாரத்தை முடித்துக்கொண்டு, நள்ளிரவில் இலேசாக உண்பது உத்தமம்.

அபாயங்கள்

உழைப்புக்குத் தகுந்த ஆகாரமின்றித் தொடர்ந்து ஓடுவதால் நேரும் சீர்கேட்டை 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி தனியொரு நோய்நிலையாக வகுத்து எச்சரித்தது. தீராத களைப்பு, தூக்கமின்மை, எலும்பில் நுண்ணிய முறிவு, அடிக்கடி வரும் காய்ச்சல், பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோதல் ஆகியவை அதன் அறிகுறிகள். மூன்று மாதம் மாதவிடாய் வராத பெண், எடை குறைந்ததே என்று திருப்தியடையாமல் மருத்துவரைக் காண வேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேர் ரத்தசோகை உள்ளவர்கள் என்று ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகையில், இங்கே பட்டினியோடு ஓடுவது இரட்டை அபாயம். இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் சோற்றை நிறுத்திவிட்டு ஓடினால், ரத்தச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயங்கி விழ நேரிடும். இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு அதன் விளைவு என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் தரும் உரிமை

1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் அமைக்க வழிசெய்தது. அதை நிர்வகிக்கும் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு இடமளிக்கவும், ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவேளையின்றி வேலை வாங்காதிருக்கவும் நெறி வகுத்தது. அதன் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த 2020-ஆம் வருஷத்துத் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து 100 பேர் இருந்தாலே கேன்டீன் வசதி கேட்க இடந்தருகிறது. ‘நீ காண்ட்ராக்ட் ஆள்’ என்று சொல்லி ஒருவரை நல்ல ஆகாரத்திலிருந்து விலக்க முடியாது என்பதை இப்பகுதியின் ஒவ்வொரு தொழிலாளியும் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஹாஸ்டல் உணவு கெட்டால் என்ன நேரும் என்பதை நாம் 2021 டிசம்பரில் கண்டோம். சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சக தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். ஆலை மூடப்பட்டது, விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் நிபந்தனைகளை நிறைவேற்றவில்லை என்று அங்கே தன் கைப்பேசிகளைச் செய்விக்கும் ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது, 2022 ஜனவரி 12-இல்தான் மீண்டும் வேலை தொடங்கியது. 2024 ஆகஸ்ட் 17-இல் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளுடன் திறக்கப்பட்ட பெருவிடுதி நல்லதொரு முன்னேற்றம். ஆனால் படுக்கைகளின் எண்ணிக்கையைப் போலவே தட்டின் தரமும் பொதுஜனங்களின் கவனத்துக்குரியது.

பரிகாரம் தேடும் வழி

கெட்ட உணவு பரிமாறப்பட்டால், அதன் படத்தையும், நாளையும் நேரத்தையும், உண்டவர்களின் பெயர்களையும் குறித்துக்கொண்டு, தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பலாம். 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு, பாதுகாப்பற்ற உணவால் மரணம் நேர்ந்தால் 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாமலும், கடும் பாதிப்புக்கு 3 லட்சம் வரையிலும், மற்றப் பாதிப்புக்கு 1 லட்சம் வரையிலும் நஷ்டஈட்டுக்கு வழி செய்கிறது. கேன்டீன் வசதியிலும் இடைவேளையிலும் குறையிருந்தால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்குநரகத்துக்கு எழுதலாம். பெண்கள் விடுதிகள் 2014-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டப்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். சந்தேகமிருந்தால் மாவட்ட ஆட்சியரிடம் கேட்கலாம்.

‘பத்தே நாளில் பத்துக் கிலோ’ என்று தூளும் மாத்திரையும் விற்பவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். உடற்பருமனைத் தீர்ப்பதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருஷத்துச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டவர்களுக்கு, ஒப்பந்தத் தொழிலாளர் உள்பட, ஈ.எஸ்.ஐ. சிகிச்சை உண்டு, சந்தா நாட்களின் நிபந்தனையை நிறைவேற்றியிருந்தால், நோய்க் காலத்தில் வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதமும் கிடைக்கும்.

இவையெல்லாம் நோய் வந்த பின் தேடும் வழிகள். வருமுன் காக்கும் வழி ஒன்று உண்டு: அடுத்த கேன்டீன் குழுக் கூட்டத்தில், காய்கறி கூடுதலாகவும், தினமும் சுண்டலோ முட்டையோ, வேண்டியவர்க்குக் குறைந்த அளவுச் சோறும், இரவு ஷிப்டுக்கு இலேசான உணவும் வேண்டும் என்று உங்கள் பிரதிநிதி மூலம் எழுத்தில் கேளுங்கள். ஓடுவதற்குத் துணிந்தவர்கள் கேட்பதற்கும் துணிய வேண்டும். அப்படிக் கேட்டுப் பெறுகிற ஒரு தட்டு உணவு, ஓடுகிறவர்களுக்கு மட்டுமன்றி, அந்த வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் க்ஷேமம் தரும்.