கார் களவுபோனால் கடன் என்ன ஆகும்?

கடனில் வாங்கிய கார் களவுபோய்விட்டால், மீதித் தவணையை யார் செலுத்துவது? வண்டியே இல்லாதபோது கடன் எப்படி நிற்கும் என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் இன்றும் உள்ளனர். கார் அக்கடனுக்குப் பிணையம் மட்டுமே. கடனைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பு வாங்கியவருடையது. வண்டி மறைந்த மறுமாதமும் தவணை வழக்கம்போல் நிலுவையாகும். அந்தச் சுமையைத் தாங்கக்கூடியது காப்பீடு ஒன்றே. அதிலும் எல்லாக் காப்பீடும் தாங்குவதில்லை.

சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டுமே. நம் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்பை அது ஈடுசெய்யும். நம் வண்டி களவுபோனால் ஒரு ரூபாயும் தராது. 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். ஆனால் களவுக்கு ஈடு தரும் சொந்தச் சேதப் பகுதி பெரும்பாலும் ஓராண்டுக்கே எடுக்கப்படுகிறது. பாலிசியில் மூன்று ஆண்டு என்று பார்த்த நினைவில் இரண்டாம் ஆண்டு புதுப்பிக்காமல் விடுவோர் பலர். இதழை மூடிவைத்துவிட்டு, உங்கள் பாலிசியில் சொந்தச் சேதப் பகுதி முடியும் தேதியை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அது நடப்பில் இருந்தாலும், கிடைப்பது வாங்கிய விலையன்று. பாலிசியில் குறிக்கப்பட்ட ஐ.டி.வி. எனும் காப்பீட்டு மதிப்பே உச்சவரம்பு. காரின் விலையிலிருந்து ஆண்டுதோறும் தேய்மானம் கழித்து இது கணக்கிடப்படுகிறது. சாலை வரியும் பதிவுக் கட்டணமும் இதில் சேரா. இரண்டு ஆண்டைக் கடந்த வண்டிக்கு வழக்கமான தேய்மானம் 30 விழுக்காடு. காரின் விலை 10 லட்சம் ரூபாய், வரி முதலிய செலவுகளுக்கும் சேர்த்துக் கடன் 11 லட்சம், வட்டி 9 விழுக்காடு, தவணைக்காலம் ஏழு ஆண்டு என்று கொள்வோம். இரண்டு ஆண்டு தவறாமல் செலுத்திய பின்னும் அசலில் ஏறத்தாழ எட்டரை லட்சம் நிற்கும். காப்பீட்டு மதிப்போ ஏழு லட்சம். பதிவுச் சான்றிதழில் வங்கியின் பெயர் இருப்பதால் அத்தொகை முதலில் கடன் கணக்கில் வரவாகும். எஞ்சும் ஒன்றரை லட்சத்தை, ஓட்டக் காரே இல்லாத உரிமையாளர் கட்ட வேண்டும். இந்த இடைவெளியை நிரப்பவே ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ எனும் கூடுதல் பாதுகாப்பு உள்ளது. வாங்கிச் சில ஆண்டுகளே ஆன கார்களுக்கே அது பொதுவாகக் கிடைக்கும். முன்பணம் குறைவாகச் செலுத்தி வாங்கியவருக்கு அதன் கூடுதல் பிரீமியம் வீண்செலவாகாது.

களவுபோன வண்டி முழு வண்டியாகவே திரும்பும் என்று எதிர்பார்க்க இயலாது. மீரட் நகரின் சோத்திகஞ்ச் சந்தை, வண்டிகளைப் பிரித்து உதிரிபாகங்களாக விற்பதற்கே பெயர்பெற்றிருந்தது. 2021 டிசம்பரில் காவல்துறை அதனை மூடியது. ஆகவே முதல் சில மணி நேரமே முக்கியமானது. 112-ஐ அழைத்து, காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிந்து, அதன் நகலுடன் காப்பீட்டு நிறுவனத்துக்கும் வங்கிக் கிளைக்கும் தெரிவிக்க வேண்டும். ஃபாஸ்டேக் எண்ணையும் காவலரிடம் கொடுங்கள். சுங்கச்சாவடியிலிருந்து வரும் ஒரு குறுஞ்செய்தி வண்டி சென்ற திசையைக் காட்டக்கூடும்.

2010-இல் ஒரு டிராக்டர் களவுபோனது. அன்றே முதல் தகவல் அறிக்கை பதிவானது. ஆனால் காப்பீட்டு நிறுவனத்துக்கு 52 நாள் கழித்தே தெரிவிக்கப்பட்டதால் கோரிக்கை மறுக்கப்பட்டது. காவல்துறையில் உடனே புகார் அளித்திருக்கையில் இத்தாமதம் மட்டும் மறுப்புக்குக் காரணமாகாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமையாளர் வென்றார், ஆனால் இடையில் ஒன்பது ஆண்டுகள் கடந்திருந்தன. ஒரே நாளில் ஒரு மின்னஞ்சல் அனுப்புவது எளிது.

கோரிக்கையின்போது இரு சாவிகளையும் கேட்பார்கள். ஒரு சாவி முன்பே தொலைந்திருந்தால், தொலைந்த அன்றே எழுத்து மூலம் தெரிவித்த சான்று கைகொடுக்கும். சாவியை வண்டியிலேயே விட்டுச் சென்றது தெரியவந்தால் தொகை குறையலாம், மறுக்கவும்படலாம். வண்டியைக் கண்டுபிடிக்க இயலவில்லை என்னும் காவல்துறையின் இறுதி அறிக்கை வந்த பின்னரே பெரும்பாலும் தொகை வழங்கப்படும். இதற்குச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை தவணையை நிறுத்தினால் அபராதக் கட்டணத்தோடு கடன் மதிப்பெண்ணும் பாதிக்கப்படும்.

பழைய கார் வாங்குவோருக்கு ஒரு சொல். வண்டியில் பொறித்துள்ள சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் பதிவுச் சான்றிதழோடு நேரில் ஒப்பிடுங்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாகன் சமன்வய்’ சேவையில் அந்த வண்டி காவல்துறையால் தேடப்படுகிறதா என்றும் பார்க்கலாம். வாங்கிய 14 நாட்களுக்குள் காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். முந்தைய உரிமையாளர் பெயரிலுள்ள பாலிசியை வைத்துக் களவுக்கு ஈடு கோருவது கடினம்.