உங்களுக்குத் தெரியுமா? கைபேசிக்குள் ஒரு பொதுச்சொத்து!

உங்கள் கைபேசியில் தொடர்பு எண்களையும் குறுஞ்செய்திகளையும் அடுக்கி வைத்திருப்பது பெரும்பாலும் எஸ்கியூலைட் என்ற சின்னஞ்சிறு தரவுத்தள மென்பொருள்தான். ஆண்ட்ராய்டு, ஐபோன், குரோம், ஃபயர்பாக்ஸ் என எல்லாவற்றிலும் அது இருக்கிறது. தரவுத்தள மென்பொருளைப் புதிதாக எழுத ஆண்டுக்கணக்கில் ஆகும். எஸ்கியூலைட்டைச் செயலியில் இணைக்க அரைநாள்கூட ஆகாது.

அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருள் வேலையின்போது நிரலாளர் ரிச்சர்ட் ஹிப்புக்கு எஸ்கியூலைட்டை உருவாக்கும் யோசனை பிறந்தது. 2000-இல் வெளியிட்டார். பதிப்புரிமையையே துறந்து பொதுச்சொத்தாக்கினார். எவ்வளவு பெரிய மனசு! அதைவிட வியப்பு, மூல நிரலைப் போல 500 மடங்குக்கும் மேலாக அதைச் சோதிக்கும் நிரல் எழுதியிருக்கிறார்கள். 2050 வரை பராமரிக்கும் திட்டமும் உண்டு.

பிறர் எழுதிய நிரலை உங்கள் செயலியில் சேர்க்குமுன், அதை யார் சோதிக்கிறார்கள், எத்தனை காலம் பராமரிப்பார்கள் என்று விசாரித்துவிடுங்கள்.