கையெழுத்துப் போட்ட கொள்கை!

தேர்தல் நேரத்தில் கட்சிக்காரர் யாரையாவது பிடித்து, "உங்க கொள்கை என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் பேசுவார். "அது சரிங்க, நம்ம தொகுதிக்கு ஏன் இந்த ஆளு?" என்று கேளுங்கள். சட்டென்று டீயை உறிஞ்ச ஆரம்பித்துவிடுவார்!

கொள்கை வேறு, வேட்பாளர் வேறு என்று நினைத்தால் என்ன ஆகும்? தி.மு.க.வின் ஆரம்ப கால அனுபவத்தைப் பாருங்கள்.

1949-ல் பிறந்த கட்சி, 1952 தேர்தலில் நிற்கவில்லை. 'சட்டசபையில் திராவிட நாடு கோரிக்கையை ஆதரிப்போம்' என்று கையெழுத்துப் போட்டுத் தருகிற வேட்பாளர்களுக்கு ஆதரவு என்றார்கள். காமன்வீல் கட்சி, உழைப்பாளர் கட்சி வேட்பாளர்களுக்காக வேலையும் பார்த்தார்கள். ஜெயித்த பிறகு? காமன்வீல் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர் ராஜாஜி மந்திரிசபையில் சேர்ந்தார். 1954-ல் உழைப்பாளர் கட்சி ராமசாமி படையாச்சி காமராஜ் மந்திரிசபைக்குப் போனார். ஓட்டுக் கேட்டது தி.மு.க. தொண்டன், பலன் காங்கிரசுக்கு!

அப்புறம்தான் 1956 திருச்சி மாநாட்டில், 'நாமே நிற்கலாமா?' என்று தொண்டர்களிடமே ஓட்டெடுப்பு நடந்தது. நிற்கலாம் என்றவர்கள் 56,942 பேர். வேண்டாம் என்றவர்கள் 4,203 பேர். 1957-ல் 15 இடம், 1962-ல் 50.

1963-ல் வந்தது சோதனை. நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பேன் என்று வேட்பாளர் உறுதிமொழி எடுத்தாக வேண்டும் என அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. கட்சி திராவிட நாட்டைக் கைவிட்டது.

ஆணிவேரே போன பிறகு மரம் சாய்ந்திருக்க வேண்டுமே? சாயவில்லை. 1967-ல் விருதுநகரில் காமராஜை எதிர்த்து, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் முன்னால் நின்ற மாணவர் தலைவர் பெ.சீனிவாசனை நிறுத்தினார்கள். 1,285 ஓட்டில் ஜெயித்தார். அரிசிப் பஞ்சம், கூட்டணி பலம் எல்லாம் காரணம்தான். ஆனால் கட்சி எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள ஜனங்கள் நோட்டீஸ் படிக்க வேண்டியிருக்கவில்லை. ஆளைப் பார்த்தாலே போதும்!

இப்போது கதை வேறு. குற்ற வழக்கு உள்ளவரை நிறுத்தினால் காரணத்தை வெளியிட வேண்டும், 'ஜெயிப்பார்' என்பது மட்டும் காரணம் ஆகாது என்று 2020 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டது. அதே வருட பீகார் தேர்தலில் ஒழுங்காகப் பின்பற்றாததற்காக 2021-ல் எட்டுக் கட்சிகளுக்கு அபராதம். பா.ஜ.க., காங்கிரஸ், இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள்... எல்லோரும் உண்டு. கொள்கையில் ஒத்துப்போகாதவர்கள் அபராதத்தில் ஒத்துப்போனார்கள்!

பி.காம். படித்தவன் புத்தி எனக்கு. தேர்தல் அறிக்கை என்பது கம்பெனி விளம்பரம். வேட்பாளர் பட்டியல்தான் ஐந்தொகை. சொத்தும் கடனும் அதில்தான் தெரியும்.

எங்கள் தெருவில் ஒரு தொண்டர். இருபது வருஷமாகக் கட்சிக்குச் சுவர் எழுதுகிறார். போன தேர்தலில் சீட், முந்தாநாள் கட்சி மாறி வந்தவருக்கு. "வருத்தமா இல்லையாண்ணே?" என்றேன்.

"தலைமை முடிவு தம்பி" என்றபடி பிரஷ்ஷை பெயின்ட்டில் முக்கினார். சுவர்ப் பக்கம் போனவர், தயங்கித் திரும்பிப் பக்கத்து ஆளிடம் கேட்டார்:

"நம்ம வேட்பாளர் இனிஷியல் என்னப்பா?"