மூலக்கூற்று உற்பத்தியும் வாவிக்கரை வயலும்

படுவான்கரை வயல்களில் இடப்படும் யூரியா நீரில் விரைந்து கரைவது. பயிர் உறிஞ்சுமுன்னரே அதன் கணிசமான பகுதி ஆவியாகியும் கழுவுண்டும் போகின்றது. கழுவுண்ட நைதரசன் வடிகால் வழியே மட்டக்களப்பு வாவியை அடைந்து பாசிப் பெருக்கத்திற்கு உணவாகலாம். விவசாயிக்கும் மீனவர்க்கும் ஒருங்கே நேரும் இந்நட்டத்தை முன்வைத்தே நனோ விஞ்ஞானத்தின் பயனை நாம் மதிப்பிடுதல் தகும்.

நனோ என்னும் ஒரே பெயர் இருவேறு முயற்சிகளைக் குறிக்கின்றது. ஒன்று, மூலக்கூறுகளை நுண்ணியந்திரங்களால் உரிய இடத்திற் பொருத்திப் பொருள்களை ஆக்கும் மூலக்கூற்று உற்பத்தி. 1959இல் ரிச்சர்ட் பெயின்மன் சுட்டிய சாத்தியத்தை 1980களில் எரிக் டிரெக்சிலர் கோட்பாடாக விரித்தார். மற்றையது, ஏறத்தாழ 100 நனோமீற்றருக்குட்பட்ட துணிக்கைகளின் சிறப்பியல்புகளைப் பயன்கொள்ளும் பொருள் விஞ்ஞானம்.

பின்னையது விரைந்து வளர, முன்னையது தவழ்கின்றது. ஏன்? 1989இல் ஐ.பி.எம். ஆய்வாளர் 35 செனன் அணுக்களை நகர்த்தித் தம் நிறுவனப் பெயரை எழுதினர். ஆனால் அது கடுங்குளிரில், வெற்றிடத்தில் நிகழ்ந்தது. ஒரு கிராம் காபனிலோ ஏறத்தாழ 5×10²² அணுக்கள் உள. அணுக்களைப் பற்றும் கரமும் அணுக்களாலானதே. ஆகவே அது பருத்தும் ஒட்டியும் இடர் செய்யும் என்றார் ரிச்சர்ட் சிமோலி. உயிர்க்கலத்தின் இரைபோசோமைச் சான்றுகாட்டி டிரெக்சிலர் மறுத்தார். விவாதம் தீர்வுறாதிருக்க, நிதியும் முதலும் அண்மைப் பயன் தரும் துறைகளையே பெரிதும் நாடின.

நம் நாட்டு அனுபவமும் அத்தகையதே. 2008இல் நிறுவப்பெற்ற இலங்கை நனோ தொழினுட்ப நிறுவகத்தின் ஆய்வாளர், ஐதரொட்சியப்பதைற்று நனோத் துணிக்கைகளில் யூரியாவைப் பிணைத்து அதனை மெல்ல வெளிவிடும் பசளையை 2017இல் விளக்கினர். யூரியாவைப் பாதியாகக் குறைத்தும் நெல் விளைச்சல் குன்றவில்லை என்பது அவர்தம் வயற் பரிசோதனையின் முடிபு. இங்கு அணுவை எவரும் அடுக்கவில்லை. கரைசலில் நிகழும் இரசாயனத் தாக்கமே பணி செய்தது.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது இந்தியாவிலிருந்து வந்த திரவ நனோ யூரியாவோ முற்றிலும் வேறானது. அதன் அரை லீற்றர்ப் போத்தல் 45 கிலோகிராம் யூரியா மூடைக்கு ஈடாகும் என்பது உற்பத்தியாளர் கூற்று. போத்தலின் நைதரசன் நூற்றுக்கு நான்கு, அதாவது ஏறத்தாழ 20 கிராம். மூடையிலோ 20 கிலோகிராமுக்கு மேல். ஆயிரமடங்கு வேறுபாட்டைப் பெயரொன்றினால் நிரப்பவியலாது.

மூலக்கூற்று உற்பத்தியின் தாமதத்தைக் காட்டி நனோ விஞ்ஞானம் முழுவதையும் எள்ளுதல் தவறு. நனோ எனும் பெயர் கண்டு எதனையும் ஏற்றலும் தவறு. விளைச்சலை வயலிலும் நைதரசனை வாவி நீரிலும் அளந்தறிதலே உழைப்போர் நலன்சார்ந்த விஞ்ஞானமாகும்.