ஆற்றங்கரையில் ஒரு மனை

ஆற்றங்கரையில் குடியிருக்க வேண்டும் என்னும் ஆசை மனிதனுக்கு மிகப் பழமையானது. குடிக்க நீரும், உழ நிலமும், குளிர்ந்த காற்றும் ஒருங்கே கிடைக்கும் இடம் ஆற்றங்கரை. ஆதலின் உலகில் எத்தனையோ ஊர்கள் ஆறுகளை அடுத்தே தோன்றி வளர்ந்தன. இக்காலத்தில் அந்தப் பழைய ஆசையோடு புதியது ஒன்றும் சேர்ந்துகொண்டது. அதுவே முதலீடு. நிலம் குடியிருப்பதற்கு மட்டுமன்றி, விலை ஏறுவதற்காகவும் வாங்கப்படுகிறது.

சென்னைக்கு மேற்கே, திருமழிசை, பூந்தமல்லி, திருவேற்காடு ஆகிய ஊர்களை ஒட்டிக் கூவம் ஆறு ஓடுகிறது. அதற்கு வடக்கே ஆவடியும் அம்பத்தூரும் ஏரிகளின் நடுவே அமைந்துள்ளன. இப்பகுதியில் நேற்றுவரை நெல் விளைந்த வயல்கள் பல, இன்று வெள்ளைக் கற்கள் நட்ட வீட்டுமனைகளாக நிற்கின்றன. இருபது ஆண்டுச் சேமிப்பையும், வீட்டுப் பெண்களின் நகையையும், வங்கிக் கடனையும் ஒன்றுசேர்த்து ஒரு குடும்பம் அங்கே ஒரு கிரவுண்டு வாங்குகிறது. அவ்வாறு வாங்குமுன் அது கேட்கவேண்டிய கேள்விகள் யாவை? இதனை ஆராயுமுன், கடல் கடந்து ஓர் ஆற்றங்கரை ஊரைப் பார்த்து வருவது பயன் தரும்.

இந்தோனேசியாவின் கலிமந்தான் தீவுப் பகுதியில், நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே, பஞ்சர்மாசின் என்னும் நகரம் உள்ளது. அதனை அடுத்து, மார்த்தபுரா ஆற்றின் கரையில் லோக் பாயிந்தான் என்ற சிற்றூர் இருக்கிறது. காலைப் பொழுதில் பெண்கள் சிறு படகுகளில் காய்கனிகளைக் கொணர்ந்து ஆற்றின் மேலேயே சந்தை கூட்டுவர். அங்கே ஆண்டின் பெரும்பாலான மாதங்களில் மழை உண்டு. கடலின் ஏற்றவற்றத்தால் ஆற்றுநீர் நாள்தோறும் உயர்ந்து தாழும். அதனால் அம்மக்கள் தம் வீடுகளை மரக்கால்களின் மேல் நிறுத்தினர். ஊலின் எனப்படும் இரும்பு போன்ற மரம் நீரில் நெடுங்காலம் உளுக்காமல் நிற்கும். கால்கள் அம்மரத்தால் ஆனவை. சில வீடுகள் தெப்பத்தின்மேல் மிதப்பவை.

ஆற்றைத் தினமும் கண்ணால் காண்பவன் அதனை மறப்பதில்லை. வீட்டின் அமைப்பிலேயே அவன் நீருக்கு இடம் விட்டுவிடுகிறான். அங்கும் துன்பம் வராமல் இல்லை. 2021 சனவரியில் தென் கலிமந்தானைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது பல்லாயிரவர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. எனினும் நாள்தோறும் ஏறி இறங்கும் நீருக்கு ஏற்ற வாழ்க்கையை அவர்கள் அமைத்துக்கொண்டனர் என்பதில் ஐயமில்லை.

இனி நம் கூவத்துக்கு வருவோம். திருவள்ளூர் மாவட்டத்தில் கூவம் என்னும் சிற்றூரின் ஏரியை ஒட்டித் தோன்றி, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஓடி, நேப்பியர் பாலத்தருகே கடலை அடைவது இந்த ஆறு. சென்னைப் பகுதியில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 140 செண்டிமீட்டர். அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியை ஒட்டிய வடகிழக்குப் பருவமழையில் பெய்துவிடுகிறது. பூந்தமல்லியை ஒட்டிய கூவத்தில் மற்ற மாதங்களில் மணலும் கோரையும் கழிவுநீர் ஓடையுமே கண்ணுக்குத் தெரியும். பங்குனியில் மனை பார்க்க வருபவர், "இது ஆறா? வெறும் பள்ளம்!" என்று எண்ணிவிடுகிறார். நாள்தோறும் நிரம்பும் ஆறு தன்னைப் பற்றி எச்சரிக்கிறது. பத்து மாதம் உறங்கும் ஆறோ மனிதனை மறக்கச் செய்கிறது. நம் ஆற்றங்கரைகளின் ஆபத்து இந்த மறதியிலேயே இருக்கிறது.

நம் முன்னோர் மரக்கால் வீடு கட்டவில்லை, இடத்தைத் தேர்ந்தனர். மேட்டுப் பாங்கான நிலத்தில் ஊர்நத்தம். அதன் புறத்தே ஏரி. ஏரிக்கரையின் கீழே ஆயக்கட்டு வயல்கள். மதகு வழியே பாசனநீர் போகும். ஏரி நிரம்பியபின் மிகுநீர் கலங்கல் வழியே வழிந்து, கால்வாயில் இறங்கி, அடுத்த ஏரியைச் சேரும். அம்பத்தூர் ஏரியின் மிகுநீர் கொரட்டூர் ஏரிக்குச் செல்வது இம்முறையிலேதான். வெள்ளம் மிகுந்தால் வயல் நனையும், வீடு நனையாது. தாழ்ந்த நிலத்தை அவர்கள் நெல்லுக்கு விட்டதன் காரணம் இதுவே.

பின்னர்க் காலம் மாறிற்று. 1949-இல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1960-களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வளர்ந்தன. வேலை தேடி வந்தோர்க்கு வீடு தேவைப்பட்டது, வயல்கள் மனைகளாயின. உழவு நின்றபின் ஏரியும் கால்வாயும் பயனற்றவை என்ற எண்ணம் பரவியது. ஆயினும் உழவு நின்றதால் மழை நின்றுவிடவில்லை.

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 10 செண்டிமீட்டர் மழை பெய்தால் சேரும் நீர் ஒரு இலட்சம் கனமீட்டர். அதாவது 10 கோடி லிட்டர். மண் தரையானால் அதில் ஒரு பகுதியை உறிஞ்சும். சிமெண்டுத் தளமும் தார்ச்சாலையும் உறிஞ்சுவதில்லை. அவ்வளவு நீரும் போகும் வழியைத் தேடும். பழைய வழியில் வீடு இருந்தால் வீட்டுக்குள் புகும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் அம்பத்தூர், கொரட்டூர், ஆவடிப் பகுதிகளில் தெருக்கள் குளங்களானதற்கு இது முக்கியமான காரணம். மதுரவாயலுக்கும் நொளம்பூருக்கும் இடையே கூவத்தின் குறுக்கே இருந்த தரைப்பாலம் வெள்ளத்தில் மூழ்கிப் போக்குவரத்து நின்றதும் உண்டு.

நீரின் இயல்பை அறிந்தபின் சட்டத்தின் இயல்பை அறியவேண்டும். இந்தோனேசியாவில் 1960-ஆம் ஆண்டின் அடிப்படை நிலச்சட்டப்படி, நிலத்தின் முழு உரிமை அந்நாட்டுக் குடிமக்களுக்கே உரியது. அயல்நாட்டார் பயன்படுத்தும் உரிமை மட்டும் பெறலாம். உள்ளூரார் ஒருவர் பெயரில் மறைவாக வாங்கினால், அந்த மாற்றம் செல்லாது. நிலம் அரசைச் சேரும். கொடுத்த பணத்தையும் திரும்பக் கோர இயலாது. அழகிய ஆற்றங்கரையைக் கண்டு மயங்கிய அயலார்க்கு இது கடுமையான பாடம்.

நம் நாட்டிலும் இதற்கு இணையான ஒரு நிலை உண்டு. ஏரி, குளம், கால்வாய், ஆறு ஆகியன நீர்நிலைப் புறம்போக்கு. அவற்றின்மேல் தனியார்க்கு உரிமையில்லை. ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007-இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. பத்திரம் பதிவாகிவிட்டது என்பதனால் மட்டும் உரிமை நிலைத்துவிடாது. விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கு வருவது எங்ஙனம்?

ஆகவே மனை வாங்குவோர் பார்க்கவேண்டியவை சில. கிராமத்தின் 'அ' பதிவேடு அந்தச் சர்வே எண் நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்று கூறும். புலப்படம் அதன் எல்லையையும் அருகில் ஓடும் வாய்க்காலையும் காட்டும். வில்லங்கச் சான்று பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றைச் சொல்லும். வெள்ளத்தைப் பற்றி அது பேசாது. மனைப்பிரிவுக்குச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் ஒப்புதல் உண்டா என்பதையும், 2016-ஆம் ஆண்டின் மனைத்தொழில் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டியதாயின் அவ்வாறு செய்யப்பட்டுள்ளதா என்பதையும் அறிதல் வேண்டும். இவையனைத்தும் சரியாயினும் ஒரு வேலை எஞ்சியிருக்கிறது. ஐப்பசி மழையில் அங்கே ஒருமுறை நடந்து பார்க்கவேண்டும். பழைய வீடுகளின் சுவரில் நீர் நின்ற கறை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று நோக்கவேண்டும். ஊர்ப் பெரியவர்களிடம், "கலங்கல் எங்கே? தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்கவேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடலாகாது என்று நம் மக்கள் சொல்வது இத்தகைய நிலத்துக்கும் பொருந்தும்.

ஆற்றங்கரை வாழ்வே கூடாது என்பது இதன் கருத்தன்று. கரையோர மணல் மழைநீரைத் தாங்கிக் கிணறுகளுக்கு ஊட்டுகிறது. ஏரியைக் காத்த ஊருக்குக் கோடையிலும் கிணற்றில் நீர் இருக்கும். அத்தகைய ஊரில் மேட்டு நிலத்தில் அமைந்த மனை நல்ல முதலீடே. கால்வாயைத் தூர்த்துப் போட்ட மனையோ, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், அதன் விலையில் குறைந்த பகுதியை ஒவ்வொரு மழைக்காலமும் சிறுகச் சிறுக வசூலித்துக்கொள்ளும்.

மாணவ நண்பர்களே! உங்களுள் பலருடைய இல்லங்களில் பத்திரங்களைப் படித்துப் பொருள் கூறும் பொறுப்பு உங்களிடமே வந்து சேரும். பூகோள வகுப்பில் நீங்கள் கற்ற சம உயரக் கோடும், கணக்கு வகுப்பில் கற்ற கன அளவும் அன்று உதவும். பெற்றோர் முன்பணம் கொடுக்குமுன், அந்த ஊரின் புலப்படத்தைக் கையில் வாங்கி, வாய்க்கால் கோடு எங்கே செல்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். அக்கோடு நீங்கள் வாங்கவிருக்கும் மனையின் ஊடே செல்லுமானால், அதனைத் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள்.