பாடக்குறிப்பு காதில் விழுமா?

இணையவழிப் பட்டப்படிப்பு மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு வரப்பிரசாதம் என்று பலரும் நம்புகிறோம். பேருந்து ஏற வேண்டாம், மாடிக்கு ஏற வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் கல்லூரி வாசலில் இருந்த படிக்கட்டு பல சமயம் பாடக்கோப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

பார்வையற்ற மாணவர் கணினியில் எப்படிப் படிக்கிறார்? ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருள் திரையில் உள்ள எழுத்தைக் குரலாக மாற்றிச் சொல்லும். பலரும் பயன்படுத்தும் என்விடிஏ, பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. அதற்கு விலை கிடையாது, தமிழும் வாசிக்கும். ஆனால் அதற்கு எழுத்து எழுத்தாகவே கிடைக்க வேண்டும். புத்தகத்தை ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாக ஏற்றினால் ஒவ்வொரு பக்கமும் ஒரு படம். நமக்கு அதில் பாடம் தெரியும். ஸ்கிரீன் ரீடருக்கு வெற்றுப் பக்கம். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் இருக்கிறது என்றாலும், மங்கிய அச்சிலும் கணிதச் சூத்திரத்திலும் அது தடுமாறுகிறது.

தமிழ் வழியில் படிப்பவருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ‘தமிழ்’ என்று திரையில் தெரிந்தாலும், கோப்புக்குள் கிடப்பவை ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். ஸ்கிரீன் ரீடர் அந்த ஆங்கில எழுத்துகளையே சொல்லும். மூன்று அலகு முழுக்க இப்படி ஒலித்தால் யாரால் படிக்க முடியும்? இந்தப் பழைய எழுத்துருக்களுக்கு மாற்றான யூனிகோடு குறியீட்டைத் தமிழக அரசு 2010-இலேயே ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் தட்டச்சான குறிப்புகளோ இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

இதைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. பிடிஎஃப்பில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தேர்ந்தெடுக்கவே முடியாவிட்டால் அது படம். புரியாத ஆங்கில எழுத்துகள் வந்து விழுந்தால் பழைய எழுத்துரு. தமிழாகவே வந்தால் பெரும்பாலும் சிக்கலில்லை.

தலைப்புகளையும் கவனிக்க வேண்டும். எழுத்தைத் தடிமனாக்கிப் பெரிதாக்கினால் பார்ப்பவருக்குத்தான் அது தலைப்பு. வேர்டில் ‘ஹெடிங்’ பாணியைக் கொடுத்தால், பார்வையற்ற மாணவர் ஒரே ஒரு விசையை அழுத்தி அடுத்த தலைப்புக்குத் தாவலாம். இல்லாவிட்டால் நாற்பதாம் பக்கத்தில் இருக்கும் பகுதியைத் தேடி முதல் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டும். படங்களுக்கு இரண்டு வரி விளக்கம் எழுதுவதும் ஆசிரியர் வேலைதான். வரைபடம் எதைக் காட்டுகிறது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

காது கேளாத மாணவருக்குக் காணொளிப் பாடத்தில் வசனவரி வேண்டும். தானாக உருவாகும் வசனவரி கலைச்சொற்களில் சறுக்கும். ஒருவர் உட்கார்ந்து திருத்தியே ஆக வேண்டும். சைகைமொழியிலேயே வளர்ந்தவர்களுக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி என்பதால், அவர்களில் பலருக்கு வசனவரி மட்டும் போதாது. சைகைமொழி பெயர்ப்பாளரும் தேவை.

தேர்வில்தான் மாணவர் அதிகம் தவிக்கிறார். சொல்வதை எழுதுபவரை வைத்துத் தேர்வெழுதுவோருக்கு மணிக்கு 20 நிமிடமாவது கூடுதல் நேரம் தரவேண்டும் என்று மத்திய அரசு 2018-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. மூன்று மணி நேரத் தேர்வென்றால் ஒரு மணி நேரம் கூடுதல். தேர்வு மென்பொருளின் கடிகாரத்தில் யாராவது முன்கூட்டியே இதை மாற்றி வைத்திருக்க வேண்டும். மறந்தால், விடை பாதியில் இருக்கும்போதே திரை மூடிக்கொள்ளும். கேமரா வழிக் கண்காணிப்பும் அப்படித்தான். திரையைப் பார்க்காதவரைச் சந்தேகிக்கும் மென்பொருளின் முன் பார்வையற்றவர் என்ன செய்வார்?

இவையெல்லாம் சலுகைகள் அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 42-ஆம் பிரிவு மின்னணு ஊடகங்கள் எல்லோருக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்கிறது. அணுகல்தன்மை விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

ஆகவே சேர்க்கையின்போதே, தனக்கு எந்த வடிவில் பாடம் வேண்டும், தேர்வில் என்ன ஏற்பாடு வேண்டும் என்று மாணவர் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்வது நல்லது. நிறுவனத்திடமிருந்து பதில் வராவிட்டால், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் அந்த ஒப்புகையோடு முறையிடலாம்.