உயிர்களைத் தேடும் கண்கள்

நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு கணமும் எண்ணற்ற காட்சிகள் கண்ணில் படுகின்றன. மூளை அவை அனைத்தையும் ஒரே அளவில் கவனிப்பதில்லை. மனிதர்களையும் விலங்குகளையும் அது முதலில் கண்டுகொள்கிறது. மற்றவை அதன் பிறகுதான்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதனை ஓர் ஆய்வின்வழி காட்டினர். அவ்வாய்வு 2007ஆம் ஆண்டு வெளியானது. ஒரே காட்சியின் இரண்டு நிழற்படங்கள் திரையில் மாறி மாறித் தோன்றின. இரண்டிற்கும் வேறுபாடு ஒன்றுதான். ஒரு படத்தில் இருந்த பொருள் மற்றொன்றில் இராது. மறைந்தது மனிதரோ விலங்கோ என்றால், பங்கேற்றவர்கள் அதனை விரைவாகக் கண்டுபிடித்தனர். செடி, கட்டடம், கருவி போன்றவை மறைந்தபோது அவர்களுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. சில வேளைகளில் மாற்றத்தைக் கவனிக்கவே தவறினர். செடிக்கும் உயிர் உண்டு. ஆயினும், தானாக இடம்பெயரும் உயிர்களையே கண் முதலில் நாடுகிறது.

அசைவைக் கொண்டே உயிரை அறியும் ஆற்றலும் நமக்கு உண்டு. சுவீடன் நாட்டு உளவியல் அறிஞர் குன்னார் யோஹான்சன், ஒருவரின் தோள், முழங்கை, முழங்கால் முதலிய மூட்டுகளில் சிறு விளக்குகளைப் பொருத்தி, இருளில் நடக்கவைத்துப் படம்பிடித்தார். அவர் அசையாமல் இருந்தபோது வெறும் ஒளிப்புள்ளிகளே தெரிந்தன. நடக்கத் தொடங்கியதும், அது மனிதர்தான் எனப் பார்த்தவர்கள் உடனே அறிந்துகொண்டனர். இவ்வாய்வு 1973இல் வெளிவந்தது.

இந்த ஆற்றல் எதற்காக? நம் முன்னோர் வேட்டையாடி வாழ்ந்த காலத்தில், பாறையும் மரமும் இருந்த இடத்திலேயே இருந்தன. கொடிய விலங்கோ நொடிப்பொழுதில் பாய்ந்துவிடும். அதனை முன்கூட்டியே கண்டவர் உயிர் பிழைத்தார். அந்தக் காலத்துத் தேவையே இன்றும் நம் பார்வையில் தொடர்கிறது என்பது 2007ஆம் ஆண்டு ஆய்வாளர்களின் விளக்கம்.

இன்று நமக்குப் புலியைவிட வாகனங்களால்தான் ஆபத்து அதிகம். எனினும், அதே ஆய்வில் வாகனங்களைவிட விலங்குகளையே பங்கேற்றவர்கள் எளிதில் கண்டறிந்தனர். மோட்டார் வாகனங்கள் தோன்றி நூறாண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. நம் பார்வையின் பழக்கமோ மிகத் தொன்மையானது. ஆகவே, சாலையைக் கடக்கும்போது ஒருமுறை கண்ணோட்டம் விடுவது போதாது. நின்று, இருபுறமும் பார்த்து, வாகனங்கள் வருகின்றனவா என உறுதிசெய்ய வேண்டும். இயல்பாக அமையாத கவனத்தைப் பயிற்சியால்தான் பெற முடியும்.